சுதேஷின் பின் இடது டயர்

ஓய்வு பெற்றால் விடியற்காலை நித்திரையாவது மிஞ்சும் என்று நம்பித்தான் கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இத்தனை வருடம் கோப்புக் கட்டினேன். ஓய்வு கிடைத்தது. கூடவே பக்கத்து வீட்டுச் சுதேஷின் பின் இடது டயரும் கிடைத்தது.

ஹந்தானையில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஓர் அரை மதில்தான். சுதேஷ் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, வாகனம் ஓட்டப் பழகி டவுனுக்கு வந்தவன். பதினொரு வருடமாகப் பல்லேகலையில் பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் செய்கிற ஒரு கம்பனியின் சாரதி. பூமியைக் காப்பாற்றப் புறப்பட்ட கம்பனி என்பதால், போன வருடம் கரண்டில் ஓடும் லொறியொன்றை வாங்கி, இரண்டு பக்கமும் பெரிய பச்சை இலை வரைந்து அவன் கையில் கொடுத்தார்கள். சார்ஜ் பண்ணும் பெட்டியை அவன் வீட்டுச் சுவரிலேயே பூட்டினார்கள். அந்த லொறியை அவன் கழுவுகிற அழகைப் பார்த்தால், பெற்ற தாய் பிள்ளையைக் குளிப்பாட்டுவதில்கூடக் குறை கண்டுபிடிக்கலாம்.

"எறக்கத்துல போனா பட்டரி தானா ஏறுதுங்க அக்கா. புல்லு போடாத மாட்டுல பால் கறக்குற மாதிரி," என்பான்.

மூன்று மாதம் போக, மாடு உதைத்தது. பின் இடது டயரில் ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கத் தொடங்கிற்று. காலையில் லொறியை உயிர்ப்பித்தால் மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் வாகனத்தை எடுக்கக் கூடாது என்பது கம்பனிச் சட்டம். டயர்க் கடை மக்கீன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வால்வு போயிருக்கு தம்பி, மாத்திட்டா முடிஞ்சிச்சி, ஒரு டீ குடிக்கிற நேரம்," என்றாராம். சுதேஷ் பதறிப்போய் லொறியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். சில்லைக் கொழும்பிலிருந்து வரும் கம்பனி ஆட்கள்தான் தொடலாம், வேறு கை பட்டால் வொரண்டி போய்விடும் என்று எழுதியிருக்கிறதாம்.

கம்பனிக்கு அறிவித்தான். அவர்கள் கூடி யோசித்து, ஓட்டைப் பானையை அடைக்காமல், ஊற்றிக்கொள்ள ஒரு செம்பு வாங்கி அனுப்பினார்கள். கையில் கொண்டு திரியக்கூடிய காற்றடிக்கும் மெஷின். அது வந்த பெட்டியின் மேல், படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டு, ஒரு விரலால் டயருக்குக் காற்றடித்தாள்.

அவளுக்கு எத்தனை கை இருந்ததோ தெரியாது. மெஷினின் வயர் முன் சில்லுவரைக்கும் தாராளமாக வரும். இறங்குவதோ பின் சில்லு. யன்னல் வழியாகக் குறுக்கே இழுத்துக் கட்டினால் ஒருவாறு எட்டும். அப்போது மெஷின் அந்தரத்தில் தொங்கி, இலக்கம் காட்டும் முகம் நிலத்தைப் பார்க்கும். சுதேஷ் தார் ரோட்டில் கன்னத்தை வைத்துப் படுத்துத்தான் அதை வாசிப்பான். எத்தனைக்கு அடிக்க வேண்டும் என்று அழுத்திக் கொடுத்தால் அடிக்கும். பாதியில் கரண்ட் விட்டுப் போனால் கொடுத்த இலக்கத்தை மறந்து, சைக்கிளுக்குரிய இலக்கத்தில் போய் நிற்கும். எல்லாம் சரியாகிக் குழாயின் மூக்கைக் கழற்றும்போது, ஸ்ஸ் என்று ஒரு பங்கு காற்று வெளியே போகும். சாண் ஏறினால் முழம் சறுக்கும். இடையில் சூடாகிவிட்டால் தானாகவே நின்று இளைப்பாறும், எப்போது எழும்பும் என்று அதற்குத்தான் வெளிச்சம்.

சத்தமோ, இரும்புத் தகரத்தை ரோட்டில் இழுத்துக்கொண்டு ஓடுவது போல. சத்தமில்லாத லொறி என்று ஊரெல்லாம் பெருமையடித்தவனின் வாசலில் விடியற்காலை இந்தக் கச்சேரி.

"என்ன தம்பி உது? மனுசர் படுக்கிறேல்லையோ?" என்று மதிலுக்கு மேலால் கத்தினேன்.

"மன்னிச்சுக்குங்க அக்கா, கம்பனி மெஷின்," என்றான், படுத்த வாக்கிலேயே.

இவற்றையெல்லாம்கூட ஒரு மனிதன் பொறுத்துக்கொள்வான். பெரிய கூத்து வேறு. மெஷினை லொறியில் சிகரெட் பற்றவைக்கும் துவாரத்தில்தான் சொருக வேண்டும். பச்சை இலை போட்ட லொறிக்குச் சிகரெட் துவாரம் எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தத் துவாரத்தில் கரண்ட் வருவது சாரதி ஆசனத்தில் ஆள் இருந்தால் மட்டும். ஆள் இறங்கியதும் லொறி, கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லாவற்றையும் அணைத்துவிடும். ஆக, டயரடியில் ஒருவர், ஆசனத்தில் ஒருவர். பெட்டியிலிருந்த வெள்ளைக்காரியின் புருஷன் உள்ளே இருந்திருப்பான் போலும்.

சுதேஷ் ஆசனத்தில் ஓர் அரிசி மூட்டையை வைத்துப் பெல்ட்டும் போட்டுப் பார்த்தான். சாரதியின் கண்ணைக் கவனிக்க உள்ளே ஒரு கேமரா இருக்கிறது. அது மூட்டையை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, சாரதி களைத்துவிட்டார், வாகனத்தை நிறுத்தி ஓய்வெடுக்கவும் என்று இங்கிலீசில் அலறிற்று. ஒரு நாள் இரக்கப்பட்டு நான் போய் ஏறி இருந்தேன். என்னைப் பார்த்தும் அதே அலறல். என்னைப் பொறுத்தவரை அது சொன்னது உண்மைதான்.

கடைசியில் அவன் மனைவி கலாராணிதான் மாட்டினாள். காலைச் சமையலை அரைகுறையில் விட்டுவிட்டு, கண்ணை அகல விழித்தபடி அந்த ஆசனத்தில் இருப்பாள். கொஞ்சம் சரிந்து இருந்தால் கரண்ட் போய்விடும். "அசையாத! அசையாத!" என்று கீழேயிருந்து சுதேஷ் கத்துவான். கலியாணப் படத்துக்குக்கூட அவள் அப்படி ஆடாமல் அசையாமல் இருந்திருக்க மாட்டாள்.

கலாராணிக்கும் பல்லேகலையில்தான் வேலை. ஓர் ஆடைத் தொழிற்சாலையில் எட்டு வருடமாகத் தைக்கிறாள். வேலைக்கு இரண்டு பஸ்: ஹந்தானையிலிருந்து டவுனுக்கு ஒன்று, டவுனிலிருந்து பல்லேகலைக்கு ஒன்று. அதே நேரம் சுதேஷ் அதே ரோட்டால், அதே பல்லேகலைக்கு, வெறும் லொறியை ஓட்டிக்கொண்டு போவான். பஸ் தரிப்பிடத்தில் குடையோடு நிற்கும் மனைவியைக் கண்டால் இரண்டு தரம் ஹோர்ன் அடித்து மரியாதை செய்வான். நிறுத்த மாட்டான். சாரதியைத் தவிர வேறு எவரும் ஏறக்கூடாது என்பது சட்டம்.

அவனைக் கல்நெஞ்சன் என்று நான் பலதரம் திட்டியிருக்கிறேன். ஆனால் அவனுக்கும் ஒரு கதை இருக்கிறது. முன்பு ஒரு பேக்கரியில் வேன் ஓட்டிய காலத்தில், நாவலப்பிட்டிக்குப் போகும் வழியில் மழையில் நின்ற மாமனாரை ஏற்றிவிட்டான். முதலாளியின் கார் பின்னால் வந்துகொண்டிருந்தது. அன்று மாலையே வேலை போயிற்று. சூடு கண்ட பூனை. அதற்குப் பிறகு அவன் வண்டியில் ஓர் ஈ ஏறினாலும் இறக்கிவிட்டுத்தான் போவான்.

இந்த நேரம் பார்த்து கலாராணியின் தொழிற்சாலையில், தையல் வரிசையொன்றுக்குப் பொறுப்பான லைன் லீடர் ஒருத்தி விலகினாள். அந்த இடத்துக்கு இரண்டு பெயர்: கலாராணி, இன்னொன்று ஷஹ்மா. இரண்டு பேரும் கெட்டிக்காரிகள். மேலாளர் தலையைச் சொறிந்துவிட்டு, இந்த மாதம் முழுக்க யார் நேரத்துக்கு வருகிறாரோ அவருக்கே என்று சொல்லிவிட்டார். ஷஹ்மாவின் வீடு தொழிற்சாலைக்குப் பின்பக்கம். கலாராணிக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஒரு மலை, ஒரு நகரம், ஒரு டயர்.

இரண்டு நாள் மெஷின் சூடாகிப் படுத்ததில் பஸ் போய்விட்டது. இரண்டு நாளும் பிந்திப் போனாள். இனி ஒரு நாள் பிந்தினால் கதை முடிந்தது என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டதாக மதிலடியில் வந்து என்னிடம் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உம்மட மனுசனிட்டைச் சொல்லும் பிள்ளை."

"சொன்னேன் அக்கா. நாளைக்கு இன்னும் வெள்ளனயா ஆரம்பிப்போம்ங்கிறாரு."

அடுத்த நாள் வெள்ளனவே ஆரம்பித்தார்கள். மெஷினும் வெள்ளனவே சூடாகி நின்றது. நான் தேத்தண்ணியோடு மதிலடியில் நின்றேன். சுதேஷ் ஒரு பேப்பர் தட்டால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தான். கலாராணி வேலைக்குப் போகும் உடுப்போடு, கைப்பையை மடியில் வைத்தபடி ஆசனத்தில் இருந்தாள். மெஷின் ஒருவழியாக எழும்பி அடித்து முடித்த நேரம், வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டது. எங்கள் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் பஸ் இறங்கிப் போயிற்று.

சுதேஷ் வயரைச் சுற்றிக்கொண்டு வந்தான். "எறங்கு, நேரமாச்சு."

கலாராணி இறங்கினாள். லொறியைச் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தாள்.

"என்னா செய்யிற? வெளையாடாத கலா. எறங்கு."

"எறங்க மாட்டேங்க."

"ஆள் ஏத்தக் கூடாதுனு தெரியுந்தானே? கேமரா இருக்கு. வேலை போயிரும்."

"ஒரு மாசமா ஒங்க கேமரா என்னய டிரைவர் சீட்டுல பாத்துக்கிட்டு இருக்கு. லைசன் கூட இல்ல எனக்கு. அப்ப யாரும் கேக்கல. பக்கத்து சீட்டுல குந்துனா மட்டும் கேப்பாங்களா?"

சுதேஷ் என்னைப் பார்த்தான். முப்பது வருடம் சட்டதிட்டத்தோடு காலந்தள்ளியவள், ஒரு நியாயம் சொல்வேன் என்று நினைத்தான் போலும். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். லொறிக்குள்ளேயிருந்து இங்கிலீஸ் பெண்குரல், இடப்பக்க ஆசனத்தில் இருப்பவர் பெல்ட் அணியவும் என்றது.

"இந்தா, ஒங்க லொறியே ஒத்துக்கிருச்சு," என்று கலாராணி பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள்.

அவன் தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி ஏறி லொறியை எடுத்தான். பல்லேகலையில் இறங்கும்போது அவள், "கதவ எப்புடித் தொறக்கிறது?" என்று கேட்டாளாம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பத்து மணியளவில் கம்பனியிலிருந்து சுதேஷுக்குப் போன் வந்தது. முடிந்தது கதை என்று ரோட்டோரம் நிறுத்திவிட்டு எடுத்திருக்கிறான். பேசியவர் போக்குவரத்துக்குப் பொறுப்பான சேர். தினமும் காலையில் அனுப்ப வேண்டிய டயர்க் காற்று இலக்கத்தின் படத்தை இன்று மறந்துவிட்டாயே என்று கேட்டிருக்கிறார். வேறொன்றும் இல்லையா என்று இவன் கேட்டான். வேறென்ன என்று அவர் கேட்டார். இவனுக்குப் பொறுக்கவில்லை, கேமரா என்று இழுத்தான். அவர் சிரித்தே விட்டாராம். அந்தக் கேமராவில் வருவதைப் பார்க்க இன்னும் ஆள் போடவில்லையாம். பழைய லொறியில் இருந்த கேமராவுக்கும் போட்டதில்லையாம்.

அன்று பின்னேரம் சுதேஷ் வந்து மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். வேலை தப்பியவன் சந்தோஷமாக இருக்க வேண்டும். இவன் முகம் செத்த வீட்டு முகமாக இருந்தது.

"யாருமே பாக்கலையாம் அக்கா. பதினொரு வருஷமா யாருமே பாக்கல. அவ மழையில நிக்கிறா, நான் ஹோர்ன் அடிச்சுட்டுப் போறேன்."

வாயில் வந்ததைச் சொல்லித் திட்ட எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் பாவமாக இருந்தது. "தேத்தண்ணி குடியும் தம்பி," என்றேன்.

அவன் திருந்திய வேகம் எனக்கே பயமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை தானே மக்கீனிடம் போய், வொரண்டி போனால் போகட்டும் என்று வால்வை மாற்றிக்கொண்டு வந்தான். டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க லொறியின் இடப்பக்க ஆசனத்தைக் கழுவி, அதற்கு ஒரு புதுத் துவாயும் விரித்தான். அந்த வார முடிவோடு மாதமும் முடிந்து, கலாராணிக்கு லைன் லீடர் பதவி கிடைத்த செய்தியும் வந்திருந்தது. வீடு பக்கத்தில்தானே என்று கடைசி நிமிடம்வரை படுத்திருந்த ஷஹ்மா மூன்று நாள் பிந்தியிருந்தாளாம். கேசரி கிண்டி எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்கள்.

திங்கட்கிழமை மெஷின் சத்தம் இல்லை. சத்தம் இல்லையே என்று நான் விழித்துக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால், சுதேஷ் தலையை வாரி, இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். கலாராணி புதுச் சாரியில் படியிறங்கி வந்தாள்.

"ஏறு கலா."

"வேணாங்க. எனக்குக் கம்பனி வேன் வருது."

"நான் அந்தப் பக்கந்தானே போறேன். டயரும் சரியாயிருச்சு. நீ சும்மா ஒக்காந்து வந்தா போதும்."

"லைன் லீடர்மாருங்க வேன்லதான் வரணுமாங்க. கம்பனி ரூல்."

ரூல் என்ற சொல்லுக்கு மேல் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. தலையை ஆட்டிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினான். வேன் வந்தது, கலாராணி முன் ஆசனத்தில் ஏறினாள். அவள் வேனுக்குப் பின்னால், பச்சை இலை போட்ட லொறி வளைவில் இறங்கிப் போயிற்று.

பின்னேரம் அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "உண்மையைச் சொல்லும் பிள்ளை, அப்பிடி ஒரு சட்டம் உங்கட கம்பனியில இருக்கோ?"

அவள் வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"ரூலெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. இன்னும் ரெண்டு மூணு தடவ கேக்கட்டும்."