கண்ணாடியில் பதினோரு பொட்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருடமாக சிப் தயாரிப்பில் இருக்கிறேன், அளந்து பார்க்க முடியாத எதையும் நம்பாதே என்றுதான் என்னிடம் வேலை பார்க்கிறவர்களுக்கும் சொல்லி வந்திருக்கிறேன். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

தாமல் ஊரைத் தாண்டி இருக்கிற ஆலைக்கு அப்போது நான்தான் தலைமை. முடியை விட மெல்லிய தங்கக் கம்பியால் சிப்பையும் அதன் கால்களையும் இணைக்கிற வேலை. அந்த அறைக்குள் தூசி ஆகாது. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். பவுடர், பூ, பொட்டு எதுவும் கூடாது. பெண்கள் உள்ளே போகும்முன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து உடை மாற்றும் அறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவார்கள், வெளியே வந்ததும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். எத்தனை முறை திட்டினாலும் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

அன்று எங்கள் முதல் பெரிய ஆர்டர் கிளம்ப வேண்டும். கார் பிரேக்குக்குள் போகிற சிப். சோதனை எல்லாம் பாஸ், லாரி வாசலில் நிற்கிறது. தாமதமானால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும், ஒரு பெண்ணை நம்பி ஆலையைக் கொடுத்ததே தப்பு என்று பேச மேலிடத்தில் ஆட்கள் தயாராக இருந்தார்கள். கையெழுத்துப் போடும்முன் ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று மதியம் மூன்றரைக்கு உள்ளே போனேன்.

ஏழாம் மெஷின் முன்னால் வெள்ளை உடுப்பில் ஒருத்தி நின்றிருந்தாள். ஓடுகிற கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு விரலை நீட்டி, தறியில் பாவு நூலைத் தடவிப் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள். என் பக்கம் திரும்பினாள். இரண்டு கண்ணுக்கும் நடுவில் சிவப்பாகக் குங்குமம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, திட்ட வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"இழை புடிக்கல மா. சூடு பட்டா வுட்டுரும். அனுப்பாத."

அந்த ஆலையில் என்னை யாரும் ஒருமையில் பேசியதில்லை. பக்கத்து மெஷினில் அலாரம் அடித்தது, அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆள் இல்லை.

ஷிப்ட் பொறுப்பில் இருந்த கலைவாணியைக் கூப்பிட்டு யார் அது என்று கேட்டேன்.

"இன்னிக்கு நாங்க பதினோரு பேரு தான் மேடம். எல்லாரும் இங்க தான் வேலை செஞ்சுக்கினு இருக்கோம். குங்குமம் வெச்சிக்கினு யாரு உள்ள வருவாங்க?"

வெளியே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். எண்ணினேன். பதினோரு பொட்டு இருந்தது.

லாரியை நிறுத்தச் சொன்னேன். பயம்தான், வேறு காரணம் கிடையாது. "எந்த ரிப்போர்ட்ட வெச்சு நிறுத்தறீங்க?" என்று மேலதிகாரி போனில் கேட்டார். "நாளைக்குச் சொல்றேன் சார். நான் நிறுத்தினது தப்பா இருந்தா ராஜினாமா பண்ணிடறேன்" என்றேன்.

ஏழாம் மெஷினில் ஓடிய சிப்புகளைச் சூடேற்றி வைத்து, மறுநாள் கம்பியை இழுத்துப் பார்த்தோம். காம்பிலிருந்து பூவைக் கிள்ளுகிற மாதிரி கழன்று வந்தது. கம்பியை அழுத்துகிற முனையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். என் அனுபவத்தைப் பாராட்டி மேலிடத்திலிருந்து மெயில் வந்தது, இன்று நான் இருக்கிற பதவியே அதனால் வந்ததுதான்.

அதோடு விட்டிருக்கலாம். அளவை நம்புகிறவள் ஆயிற்றே, விடவில்லை. ஒவ்வொரு மெஷினுக்கு மேலும் தூசியை எண்ணுகிற கருவி ஒன்று உண்டு. எவ்வளவு உடுப்பு போட்டிருந்தாலும் மனிதர் பக்கத்தில் வந்தால் எண் கொஞ்சமாவது ஏறும். அன்றைய பதிவை எடுத்துப் பார்த்தேன். மூன்றரை மணிக்கு ஏழாம் மெஷினில் கோடு அசையவே இல்லை.

அவள் நின்றதற்கு ஏறவில்லை, சரி. அவளுக்கு எதிரில் நான் நின்றிருந்தேனே, எனக்கும் ஏறவில்லை.