ஐஸுக்கும் எடை உண்டு

காலை மணி பத்து இருபது. கடலூர் சாலை டயர் கடையில் முதலில் கண்ணில் பட்டது, ஒரு புது டயரின் பக்கவாட்டில் புடைத்திருந்த 104 என்ற எண். அந்த டயர் அதிகபட்சம் 900 கிலோ தாங்கும் என்று அதற்குப் பொருள்.

என் தங்கை பார்த்தது அதன் அகலத்தை. பிள்ளைச்சாவடியில் படகிலிருந்து இறங்கும் மீனைப் பிக்கப்பில் ஏற்றி, விழுப்புரம் சந்தைக்கு அவளே ஓட்டிப் போகிறாள். கரை மணலில் வண்டி புதைந்து, அந்த வாரம் இரண்டு நாள் சந்தை தவறிப் போயிருந்தது. அதனால்தான் பெரிய டயர் தேடி வந்திருந்தாள்.

கடைக்காரர் இன்னொன்றை உருட்டி வந்தார். அவள் வண்டியில் இருப்பதைவிடப் பெரியதுதான். ஆனால் முதலாவதன் அகலம் இல்லை. எண் 112. அதாவது 1,120 கிலோ. வண்டியின் பழைய டயர்களிலும் அதே எண்தான் இருந்தது. டயர் பெரிதானால் தாங்கும் எடையும் கூடும் என்று அவள் நினைத்திருந்தாள்.

எவ்வளவு ஏற்றுவீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். ஒரு டன் என்றாள். ஐஸையும் சேர்த்தா என்று நான் கேட்டேன்.

"ஐஸ எவண்ணே எடை போடுவான்? போய்ச் சேர்றதுக்குள்ள பாதி தண்ணியாப் பூடும்."

"ஏம்மா, அந்த ஐஸு வண்டி பின்னாடி நடந்தா வருது?" என்றார் கடைக்காரர்.

அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் கரையில் லோடு என்றால் மீன் மட்டும்தான். ஐஸ், உப்பைப் போல, கணக்கில் வராத பொருள்.

மறுநாள் விடிந்ததும் முழு லோடுடன் சேதராப்பட்டு எடைமேடைக்குப் போனோம். பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தச் சொன்னேன். வண்டி, மீன், ஐஸ் எல்லாம் சேர்ந்து அந்த இரண்டின் மேல் மட்டும் 2,060 கிலோ. பின்னால் 104 இரண்டு போட்டால் 1,800 வரை தாங்கும்; 112 இரண்டு போட்டால் 2,240. அவள் எடைச் சீட்டை இரண்டு முறை படித்தாள்.

"சரிண்ணே, 112-ஏ போட்டுடலாம். மணல நான் பாத்துக்கறேன்."

அன்று மாலை நான்கு சக்கரங்களிலும் அதையே மாட்டினார்கள். வண்டி தரையிலிருந்து ஒரு விரல் அளவு உயர்ந்தது. மணலில் இப்போதும் இரண்டு பலகை போட்டுத்தான் ஏறுகிறது.