பாதி பாறை, பாதி மணல்

ஜுவேரியாவின் வேலை மண் பார்ப்பது. மயிலாப்பூருக்கு அடியில் ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டும் இயந்திரம் கக்கும் மண்ணைக் கையில் பிசைந்து, முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். போன வாரம் பள்ளம் விழும் என்று தப்பாகச் சொன்னாள். வீடுகளைக் காலி செய்துவிட்டு ஒரு தெருவே வெயிலில் நின்று அவளைத் திட்டித் தீர்த்தது.

அன்று காலை அவள் உள்ளங்கையில் கிளிஞ்சல் கிடந்தது. அதே பிடியில் கருங்கல் சில்லும். கல்லுக்கு வயது இருநூற்றைம்பது கோடி ஆண்டு. கிளிஞ்சலோ, ஆறாயிரம் ஆண்டுக்கு முன் கடல் இதுவரை வந்து திரும்பியபோது விட்டுப்போனது. பூமி சாவகாசமாக அடுக்கிவைத்த இரண்டுக்கும் நடுவில் இயந்திரம் மாட்டிக்கொண்டிருந்தது. கீழே பாறையைக் கடித்துக்கொண்டு அது நகராமல் நிற்க, மேலே மணல் சும்மா இருக்குமா? கொட்டிக்கொண்டே இருக்கும்.

“எட்டு வண்டி மண்ணு வர்ற எடத்துல பதினொன்னு வந்துகீது மேடம்,” என்றான் இயந்திரம் ஓட்டும் ஷ்ரவண்.

அப்படியென்றால் மூன்று வண்டிப் பள்ளம், யாரோ ஒருவர் வீட்டுக்கடியில். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

இயந்திரத்துக்கு நேர் மேலே இருந்தது ஹம்சினியின் வீடு. கூடத்தில் மாமனாரின் தெவசம் நடந்துகொண்டிருந்தது. பூட்சும் ஹெல்மெட்டுமாக வாசலில் நின்றவளைப் பார்த்ததும் ஹம்சினிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“மறுபடியும் நீங்களா? தெவசத்துல பாதியில எழுந்துக்கக் கூடாது.”

“அக்கா, நான் உள்ள வரல. உங்க கிணத்த மட்டும் எட்டிப் பாத்துட்டு வாங்க.”

முணுமுணுத்துக்கொண்டு போனவள் ஓடி வந்தாள். கிணற்றில் பாதி உயரத்துக்கு வெள்ளை நுரை. மண்ணை இளக்க இயந்திரம் பீச்சும் நுரைதான் அது.

“ஏன்னா, எழுந்திருங்கோ! எல்லாரும் வெளில வாங்கோ!”

சாஸ்திரிகள் தர்ப்பையோடு தெருவில் நின்றார். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. “போன வாரம் மாதிரியே...” என்று ஹம்சினியின் கணவர் ஆரம்பித்தார். அதற்குள் கொல்லைப்புறம் இறங்கியது. கிணறும் சமையலறையும் இருந்த இடத்தில் புழுதி எழுந்தது.

ஹம்சினி ஜுவேரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஷின் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துது?”

ஜுவேரியா இடப்பக்கத்து வீட்டைப் பார்த்தாள். நேற்று அதற்கடியில் எட்டுக்குப் பதில் பத்து வண்டி மண் வந்திருந்தது. மறுபடியும் திட்டு வாங்கப் பயந்து, அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்குள் குக்கர் விசிலடித்தது. ஜுவேரியா கதவை நோக்கி ஓடினாள்.