வளையத்தை ரிப்பேர் என்று நினைத்த நாள்

நான் ஏழாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் பெட்டி டிவி ஓடிய காலத்தில், குன்னத்திலிருந்து ஆண்டிமடம் வரைக்கும் என் கை படாத பிக்சர் ட்யூப் குறைவு. பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஹைவோல்டேஜ் என்றால் மற்ற மெக்கானிக் ஒதுங்கிக்கொண்டு என்னைக் கூப்பிடுவான்.

போன வருஷம் அரியலூர்ப் பக்கம் ஒரு காலேஜிலிருந்து பிசிக்ஸ் மேடம் போன் செய்தார். லேபில் எலக்ட்ரான் ட்யூப் ஒன்று செத்துக் கிடக்கிறது. மறுநாள் பிராக்டிகல் எக்ஸாம்.

“நாளைக்கு ஓடலைன்னா உதவாதுன்னு கண்டம் பண்ணித் தூக்கிப் போட்டுருவாங்கண்ணே. வேற வாங்கித் தர மாட்டாங்க.”

போய்ப் பார்த்தேன். சப்ளையில் ஒரு கண்டென்சர் அவுட். மாற்றி ஆன் செய்தேன். ஸ்கிரீனில் பச்சையாக ஒரு புள்ளி, சுற்றி இரண்டு வளையம். மேடம் ஸ்டாஃப் ரூமுக்குப் போயிருந்தார். புள்ளி சிதறினால் ஃபோகஸ் கோளாறு; தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வோல்டேஜை ஏற்றினேன். வளையம் சுருங்கியது. வழிக்கு வருகிறது என்று இன்னும் ஏற்றினேன். எலக்ட்ரான் போகும் வழியில் உள்ளே வைத்திருந்த மெல்லிய கார்பன் தகடு சிவக்க ஆரம்பித்தது.

“அண்ணே, குறைங்க! என்ன பண்றீங்க?” வாசலிலிருந்தே கத்தினார் மேடம்.

குறைத்தேன். “வளையத்தைப் புள்ளியாக்குறேன் மேடம்.”

“அந்த வளையம் வேணும்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்! கொஞ்சம் விட்டிருந்தா தகடு ஓட்டையாயிருக்கும்.”

“எலக்ட்ரான் நேராப் பாயுற குண்டு மேடம். நாப்பது வருஷமா அதுகூடத்தான் குடும்பம் நடத்துறேன்.”

“அக்காவுக்குத் தெரியுமா?” என்று சிரித்தார். “குண்டுன்னா இப்படி வளையமா விழாதுண்ணே. எலக்ட்ரான் அலையாவும் போகும். அந்த அலைதான் கார்பன் அணு வரிசைக்குள்ள புகுந்து வந்து, சில எடத்துல சேர்ந்து பளிச்சுங்கும், சில எடத்துல அழிஞ்சு இருட்டாயிரும். வேகம் கூடினா அலை நெருங்கும், வளையம் சுருங்கும். இப்ப நீங்களே பண்ணிப் பாத்தீங்களே.”

நான் விடவில்லை. “இது எலக்ட்ரான்தான்னு என்ன அத்தாட்சி? உள்ளேருந்து வேற கதிர் ஏதாச்சும் கிளம்பியிருந்தா?”

பையிலிருந்த ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து ட்யூப் பக்கத்தில் நானே பிடித்தேன். புள்ளியும் வளையமும் ஒன்றாக நகர்ந்தன. வெளிச்சம் காந்தத்துக்கு அசையாது, எலக்ட்ரான் அசையும். அது எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வோல்டேஜை மேடம் சொன்ன அளவில் வைத்துவிட்டு மூடியைப் பூட்டினேன்.

மறுநாள் எக்ஸாமினர் வளையத்தை அளக்கச் சொல்லிப் பார்த்தாராம். ட்யூப் பிழைத்தது.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று. கோளாறு எது என்று நாமே முடிவு செய்யக்கூடாது. “இது நல்லா இருந்தப்ப எப்படிங்க இருந்துச்சு?” என்று முதலில் கேளுங்கள். இப்போது நானே கேட்டுவிட்டுத்தான் மூடியைக் கழற்றுகிறேன். அதனால் என் பெயர் ஒன்றும் குறைந்துவிடவில்லை.