கலங்கல் பார்க்கும் நாத்தனார்

என் நாத்தனாரை மருத்துவமனையில் ‘கலங்கல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே. அவளும் திரும்பிப் பார்ப்பாள். பால் குடிக்கத் தெம்பில்லாத பச்சிளம் குழந்தைகளுக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் சாப்பாட்டைக் கலப்பது அவள் வேலை. சர்க்கரை, புரதம், உப்பு, தாது எல்லாம் ஒரே பையில். கலந்த பையைக் கறுப்புப் பலகைக்கு முன்னால் ஒரு தரம், வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். லேசாகக் கலங்கியிருந்தாலும் பை குப்பைக்குத்தான்.

வேலையிடத்துப் பழக்கத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வம்பு. எனக்குக் கல்யாணமான புதிதில், நான் நீட்டிய தண்ணீரை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு ஆரம்பித்தது எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். போதாக்குறைக்கு வாய் வேறு. கால்சியமும் பாஸ்பேட்டும் எலும்புக்கு அவசியமாம், ஆனால் பையில் இரண்டும் அளவுக்கு மேல் சேர்ந்தால் சுண்ணாம்பாகத் திரிந்துவிடுமாம். அதனால் பாஸ்பேட்டை முதலில் விட்டு, கால்சியத்தைக் கடைசியில்தான் சேர்ப்பாளாம். “உன் பொண்டாட்டியும் நானும் மாதிரி” என்று என் கணவரிடம் விளக்கம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்வேனா?

அப்புறம் என் மகள் குறைமாதத்தில் பிறந்து, அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். எலும்புக்குச் சத்து போதவில்லை, கால்சியத்தைக் கூட்ட வேண்டும் என்றார் டாக்டர். கூட்டியும் விட்டார்கள். எனக்கு அந்தக் கால்சியம்தான் சாமி. சொந்தக்காரக் குழந்தையின் பையைத் தானே கலக்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். கூட வேலை பார்க்கும் பெண் கலந்தாள், நாத்தனார் சரிபார்த்தாள்.

ஒரு காலையில் வழக்கமான பாஸ்பேட் தீர்ந்து வேறு வகை வந்திருந்தது. பழையது கால்சியத்தோடு அனுசரித்துப் போகும். புதியது சட்டென்று முறுக்கிக்கொள்ளும். அந்தப் பெண் பாட்டிலை மாற்றினாள், அளவை மாற்ற மறந்துவிட்டாள். பையில் மெல்லிய புகை மாதிரி ஏதோ நாத்தனார் கண்ணில் பட்டது. காற்றுக் குமிழியாக இருக்கும், குழாயில் வடிகட்டி வேறு இருக்கிறதே என்றாளாம் அந்தப் பெண். வடிகட்டியை நம்பிக் கலங்கலை அனுப்புவதா என்று நாத்தனார் பையை அப்படியே வைத்துக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அடியில் வெள்ளைப் பொடி இறங்கியது. மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். இந்த வகையில் இவ்வளவு தாங்காது, இரண்டையும் குறைப்போம் என்று பேசி முடித்தார்கள்.

எனக்கு வந்த சேதி இவ்வளவுதான்: பை தாமதமாகும், கால்சியம் குறையும், சொன்னது உங்கள் நாத்தனார். கேட்டதும் உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. தையல் வலியோடு தாழ்வாரத்தில் நடந்துபோய் அந்த அறை வாசலிலேயே அவளை மறித்துக்கொண்டேன். என் மேல் இருக்கிற கோபத்தை என் பிள்ளை வயிற்றில் காட்டுகிறாயா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவள் தலைக்குல்லாயைக் கூடக் கழற்றவில்லை.

“அவ பட்டினியா இல்ல, சர்க்கரைத் தண்ணி ஓடிட்டுதான் இருக்கு. கால்சியம் இன்னைக்குக் குறைச்சல்தான், ஒத்துக்கறேன். நல்ல பாஸ்பேட் வந்ததும் கூட்டிக்கலாம். எலும்பு கொஞ்சம் மெதுவா வளரட்டும். அந்தப் பொடி ரத்தத்துல போயிருந்தா வளர்றதுக்குப் பிள்ளையே இருந்திருக்காது.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தோளை அணைத்து நாற்காலியில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் தலைக்குல்லாயைக் கழற்றினாள்.

“எத்தனையோ பை கொட்டியிருக்கேன். இன்னைக்குத்தான் கை வரல. அத்தைக்காரி நானே அவ சாப்பாட்டைக் கொட்டறேனேன்னு அழுதுட்டுதான் கொட்டினேன்.”

புதுப் பை வந்தது. நல்ல பாஸ்பேட்டும் பின்னாலேயே வந்தது. இப்போது என் மகள் வீட்டில் ஒரு பொருளை இருக்கிற இடத்தில் இருக்க விடுவதில்லை, அத்தனையும் கால்சியத்தின் உபயம். எங்கள் சண்டையும் குறைவில்லாமல் நடக்கிறது. ஆனால் மகளைப் பார்க்க யார் வந்தாலும் நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்திவிடுவேன்.

“இவ வாய்ச் சோத்தைப் பிடுங்கிக் குப்பையில போட்ட அத்தை இவங்கதான்” என்பேன்.