கொதிக்காத பாத்திரம் தேடிய அண்ணாச்சி

தேவசகாயம் அண்ணாச்சி போய்விட்டார் என்று ஆலை வாட்ச்மேன் வந்து சொன்னபோது, "யாருய்யா சொன்னது?" என்றுதான் முதலில் கேட்டேன். செங்கோட்டை ரயிலில் வந்த ஓர் ஆள் சொன்னானாம். ரயிலில் வரும் சேதியை நான் நம்புவதில்லை. டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். தெருவில் பந்தலைப் பார்த்த பிறகும், அது வேறு யார் வீட்டுப் பந்தலாகவாவது இருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் வீட்டுப் பந்தல்தான்.

அவரை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி செய்யும் ஆலையில் அவர் சலவைப் பிரிவுக்கு மாஸ்டர், நான் ஸ்டோர்ஸ் கீப்பர். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது சந்தேகம். நான் ஆட்களைச் சந்தேகப்படுவேன். அவர் பொருட்களைச் சந்தேகப்படுவார். "மனுசனாவது செத்த நேரம் யோசிச்சிட்டுப் பொய் சொல்லுவான். தெர்மாமீட்டரு யோசிக்கவே செய்யாது தம்பி" என்பார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு தெர்மாமீட்டர் வைத்திருப்பார். ஒன்றை வைத்து மற்றதைச் சோதிப்பதற்கு.

எண்பதுகளின் கடைசியில், அவர் ஒரு மின்சாரப் பாத்திரம் தேடி அலைந்தார். தண்ணீர் கை பொறுக்காத சூடுவரை ஏற வேண்டும், அதற்கு மேல் ஏறவே கூடாது, அந்தச் சூட்டிலேயே நெடுநேரம் நிற்க வேண்டும். இதைக் கேட்டதுமே எனக்குப் பொறி தட்டியது. காபி போடுகிறவனுக்கும் குளிக்கிறவனுக்கும் இப்படி ஒரு கண்டிஷன் எதற்கு? எதற்கு என்று கேட்டால், "வீட்டு உபயோகம்" என்பார். அந்த இரண்டு வார்த்தையைப் போலச் சந்தேகம் தருவது வேறில்லை.

பாத்திரக் கடைக்குத் துணைக்குப் போனேன். அலுமினிய அண்டாவைக் காட்டினார்கள். புளிப்புப் பட்டால் அலுமினியம் கரையும் என்று ஒதுக்கினார். வெந்நீர் போடும் ராடு தரலாம் என்றார்கள். அதை உள்ளே விட்டால் அடியில் கிடக்கும் மாவு தீய்ந்துபோகும் என்றார். மாவா? நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஊசி அவிக்கும் ஆஸ்பத்திரிப் பெட்டி ஒன்று வந்தது. நல்ல எவர்சில்வர், ஆனால் மூலையில் ஈயத்தால் பற்றவைத்திருந்தது. நகத்தால் சுரண்டி, முகர்ந்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணாச்சி, பாத்திரம் வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?" என்றார். "பொண்ணுன்னா இம்புட்டுப் பாக்க வேண்டாம்யா. அது வாயைத் தொறந்து சொல்லிரும்" என்று சிரிக்காமல் சொன்னார் அண்ணாச்சி.

கடைசியில் கல்யாண வீட்டில் பால் காய்ச்சும் எவர்சில்வர் பாத்திரம் ஒன்று தேறியது. கீழே குழாய் உண்டு. அடியில் வெளிப்புறமாக ஹீட்டர் பொருத்தி, சூடு ஏறினால் தானே அணைகிற கட்டுப்பாட்டையும் வைத்தார். அப்படியும் அதை நம்பாமல், வெறும் தண்ணீரை ஊற்றி வாரக்கணக்கில் சோதித்தார்.

இதற்குள் சங்கதி முதலாளி காதுக்குப் போய்விட்டது. அவருக்கு வேறு கணக்கு ஓடியது. தறியிலிருந்து வரும் துணியில் கஞ்சி இருக்கும். அதைக் கரைக்க ஒரு பொடி போட்டு, கொதிக்கவிடாமல், அதே சூட்டில்தான் ஊறவைப்போம். கொதித்தால் பொடி செத்துவிடும். மாஸ்டர் அதே சூட்டுக்குப் பாத்திரம் தேடுகிறார் என்றால், வீட்டில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொந்தமாக ஆலை போடப்போகிறார் என்றுதானே அர்த்தம்? "எதுக்குன்னு சொல்லு, இல்ல கணக்க முடிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி வாயே திறக்கவில்லை. வேலை போனால் வேறு ஆலையிலும் சேர்க்க மாட்டார்கள். எங்கள் ஊர் முதலாளிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சம்பந்திகள். பிள்ளைகளோ படித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியிருந்தும் ஒரு மனிதன் வாயைத் திறக்கவில்லை என்றால், விஷயம் ஆலையைவிடப் பெரியது என்று நான் முடிவு கட்டினேன். சாராயம்தான் என்று நினைத்தேன். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயில் ஆராதனை முடிந்த நேரம் பார்த்து, முதலாளி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போய் இறங்கினார். பின்கட்டில் அந்தப் பாத்திரம் நின்றது. சூடு இறங்காமலிருக்க அதைச் சுற்றிலும் எங்கள் ஆலையின் கழிவுத் துணி. பக்கத்தில் ஈரத் துணியில் பார்லி முளைகட்டியிருந்தது. முதலாளி மூடியைத் திறந்தார். உள்ளே பழுப்பாக, கூழ் மாதிரி ஏதோ ஆவி விட்டது. "ஏமி இதி?" என்று அவர் வீட்டுத் தெலுங்கில் கத்தினார். அண்ணாச்சி தலைகுனிந்து நின்றார்.

அவருடைய மனைவி எஸ்தர் அக்கா, கோயிலுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு முன்னால் வந்தார். "பீரு, முதலாளி. அவிய பீரு காய்ச்சுதாவ. நாந்தான் காய்ச்சச் சொன்னேன்" என்றார். "எந்தம்பி பட்டாளத்துல இருந்து லீவுல வந்தான். கான்சாபுரத்துப் பக்கம் எவனோ கலந்து குடுத்ததக் குடிச்சு, கண்ணு தெரியாமப் போயி, அப்படியே செத்தான். இவியளுக்கு ஒரு டம்ளர் குடிக்காம முடியாது. கடைச் சரக்குல என்ன கலந்திருக்கோ, எனக்கு நம்பிக்கையில்ல. எங் கண்ணு முன்னால காய்ச்சினதத்தான் குடிக்கணும்னு சொல்லிட்டேன்."

அது சட்டப்படி குற்றம். வீட்டு வாசலில் முதலாளியின் டிரைவர் நின்றான். அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது. புருஷனின் வேலைக்காக அந்த அம்மாள் அன்று தன் பெயரைத் தூக்கிக் கொடுத்தார். முதலாளி கரண்டியில் கொஞ்சம் அள்ளி, ஊதி ஆற்றி நக்கிப் பார்த்தார். "இனிக்குது?" என்றார் சந்தேகமாக. "இன்னும் பீராகல, முதலாளி. கஞ்சி இப்பத்தான் சர்க்கரையாவுது" என்றார் அண்ணாச்சி, அப்போதும் மாஸ்டராகவே.

வேலை தப்பியது. ஆனாலும் முதலாளி மறுநாளே, ஆலைப் பொடி பீருக்குப் போய்விடக்கூடாது என்று டிரம்முக்குப் பூட்டுப் போடச் சொல்லி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். எஸ்தர் அக்காவிடம் கோயிலில் சில பெண்கள் பல மாதம் பேசவில்லை. அண்ணாச்சி எனக்குப் பல தடவை அந்தப் பீரைத் தந்திருக்கிறார். கசப்புக்கு என்ன போடுகிறார் என்று கேட்டால் மட்டும், "எதுக்குக் கேக்க?" என்று என்னையே சந்தேகமாகப் பார்ப்பார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து எஸ்தர் அக்கா ஆள் விட்டார். சாயங்காலம் போனேன். அண்ணாச்சி கடைசியாகக் காய்ச்சியதில் ஒரு பாட்டில் மீதி இருந்ததாம். டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"மத்தியானமே நான் ஒரு மடக்கு குடிச்சிட்டேன் தம்பி. எனக்கு ஒண்ணும் ஆவல. தைரியமாக் குடிங்க."

எனக்குப் புரியவில்லை. குடிவாடையே ஆகாத மனுஷி அவர்.

"எப்பவும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் மொத மடக்கு எனக்கு. விளக்கு வைக்கிற வரைக்கும் நான் நல்லா இருந்தாத்தான் அவியளுக்கு ஊத்துவேன்."

"அண்ணாச்சி சம்மதிச்சாரா?"

"சண்டை போட்டாவ. நான் கேக்கல. பொறவு ஒரு நா சொன்னாவ, 'சரி, குடி. உனக்கு எதாச்சும் ஆச்சுன்னா மிச்சத்த நான் குடிச்சிருவேன்'னு."

அழுதுகொண்டே அந்த டம்ளரைக் குடித்து முடித்தேன். அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் தன் மனைவிக்குச் சொன்ன அந்த ஒரு பதில். அதை மட்டும், உண்மைதானா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.