சிலந்திப்பேனுக்குக் கொடுத்த மூன்று நாள்

“பேன் குறைஞ்சிட்டுதோ? ஆறுதலா வாரும்.”

பிப்ரவரி 11, செவ்வாய், காலை 7.52. பக்கத்து வீட்டு அண்ணன் மருத்துவமனையிலிருந்து எனக்கு அனுப்பிய செய்தி இது. கைபேசியில் அப்படியே வைத்திருக்கிறேன்.

நான் மதுரைக்காரன், அவர் யாழ்ப்பாணத்தவர். கிளென்ஃபீல்டில் எங்கள் இரு வீட்டுக்கும் பொது வேலி ஒன்று. அதில் அவர் ஹாப்ஸ் கொடி ஏற்றியிருந்தார். பியருக்குக் கசப்பும் மணமும் தருவது அதன் பச்சைக் கூம்புகள்தான். முதல் இரண்டு வருடம் பெயருக்குத்தான் காய்த்தது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இங்கே பிப்ரவரி கோடைதான்; இது மூன்றாவது கோடை, கொடி நிறையக் கூம்பு.

“முதல் போத்தல் உமக்குத்தான் தம்பி. நீர் குடிக்க முன்னம் நோட்டில திகதி எழுதுவீர், அதுக்குள்ள நுரை அடங்கிப் போகும்” என்பார்.

ஆறாம் தேதி மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போனார். “சும்மா செக்கப்” என்றார். மறுநாள் இலைகளில் வெளிர்ப் புள்ளிகளைப் பார்த்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இலைக்கு அடியில் மெல்லிய வலை, அதற்குள் ஊரும் சிலந்திப்பேன்கள். கீழ் இலைகளைக் கிள்ளிப் போட்டு, அண்ணனுக்கும் எழுதினேன். எட்டாம் தேதி குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பீய்ச்சி, சோப்புத் தண்ணீர் அடித்தேன். முட்டை அதற்குச் சாகாது. பொரித்து வருவதைப் பிடிக்க மூன்று நாளுக்கு ஒரு முறை அடிக்க வேண்டும்: 8, 11, 14.

அவர் செய்தி வந்தது இரண்டாவது முறை அடிக்க வேண்டிய நாளில்.

ஆறுதல் என்றால் எங்கள் பக்கத்தில் துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது. குடிவந்த புதிதில் அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, “ஆறுதலாச் சாப்பிடும்” என்றார். வீட்டில் என்ன துக்கமோ என்று கையை எடுத்துவிட்டேன். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். “அவசரமில்லை, மெல்லமாச் சாப்பிடும் எண்டுதான் சொல்லுறார்.” அந்தப் பொருளை அன்றே நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஆகவே செவ்வாய்க்கிழமை எனக்குக் குழப்பமே இல்லை. அவசரமில்லை என்கிறார். “வெள்ளிக்கிழமை மருந்தடிச்சிட்டு, சனிக்கிழமை வரேன் அண்ணே. கொடி பொழச்சிரும்” என்று எழுதி, படமும் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. கிளென்ஃபீல்டிலிருந்து மருத்துவமனை காரில் அரைமணி நேரம்தான். போயிருக்கலாம்.

வியாழன் மதியம் அக்கா போனில் அழைத்தார்.

“தம்பி, அண்ணை எங்களை விட்டுட்டுப் போயிட்டார்.”

 

வெள்ளிக்கிழமை சோப்புத் தண்ணீர் கரைத்தேன். ஏன் என்று தெரியாது, அட்டவணையில் இருந்தது. அடிக்கும் முன் முப்பது இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். உயிருள்ள பேன் ஒன்றுகூட இல்லை. வாளியைப் புல்லில் கவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மறுநாள் அக்கா சொன்னார்: இனி நாள் அதிகமில்லை என்று டாக்டர் அண்ணனிடம் தனியாகச் சொல்லியிருந்தாராம். எப்போது என்றேன். “திங்களோ புதனோ, எனக்கு நாளே தெரியேல்லை தம்பி.”

புதன் என்றால், செவ்வாய்க்கிழமை அவர் தன் ஊர்ப் பேச்சில்தான் எழுதியிருக்கிறார். திங்கள் என்றால், எழுதும்போதே அவருக்குத் தெரியும். அப்போது ‘ஆறுதலா வாரும்’ என்பதை, தனக்கு ஆறுதலாக வரச்சொல்லி, என் ஊர்ப் பொருளில் எனக்காக எழுதினாரோ என்னவோ. அக்காவிடம் மறுபடி கேட்க மனம் வரவில்லை. டாக்டர் பேசிய நாள் இதுவரை உறுதிப்படவில்லை.